கோல் காத்தவர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், காலனியின் கால்பந்து ஆர்வலர்கள் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



ஆண்டு விழா என்றால் இசையரங்கும் நாடகமும் பட்டிமன்றமும் நிகழ்வது நம் மரபு. அம்மரபின் நடுவே உதைபந்துக்கும் அரைமணி நேரம் ஒதுக்கிய செயற்குழுவினருக்கு முதற்கண் நன்றி கூறுகிறோம். தமிழ்ச் சங்க மேடையில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் முணுமுணுத்தது எங்கள் செவிக்கும் எட்டியது. அவ்வன்பர்களை மனத்திற்கொண்டே இவ்வுரையை அமைத்திருக்கிறோம்.

நம் காலனிப் பிள்ளை ஒருவனை நிறுத்தி, பம்பாய்க் கிரிக்கெட் வீரர் பதின்மர் பெயரைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். இந்தியாவுக்காக இரண்டு ஒலிம்பிக்கிற்குக் கோல் காவலராகச் சென்ற மாட்டுங்காக்காரர் யார் என்று கேட்டால் விழிப்பான். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. தந்தையைக் கேட்டாலும் அவரும் விழிப்பார். பாட்டனாரைக் கேட்டால்தான், சற்றே கண்ணை மூடி, ‘பாபுவைச் சொல்கிறாயா?’ என்பார். அந்தப் பாட்டன்மார் நம்மிடையே நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். ஆதலால்தான் இன்று பேச வந்தோம்.

பம்பாய்க் கால்பந்தின் தலைமை இல்லம் கூப்பரேஜ். ஓவல் மைதானத்துக்குத் தெற்கே உள்ள அந்த இடத்தில் முற்காலத்தில் மரப் பீப்பாய் செய்யும் தொழிற்கூடம் இருந்தது. பெயர் அதனால் வந்தது. பீப்பாய் போன இடத்திற்குப் பந்து வந்து சேர்ந்தது. ரோவர்ஸ் கோப்பை 1891-ஆம் ஆண்டு தொடங்கியது. முதற்கண் அது வெள்ளைப் படையினரின் பந்தயமாகவே இருந்தது. முதற்கோப்பையை வென்றதும் வூஸ்டர்ஷயர் படைப்பிரிவே. 1923-இல் கல்கத்தாவின் மோகன் பகான் இறுதியாட்டம் வரை வந்து, டர்ஹம் படைப்பிரிவிடம் தோற்றது. 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி கோப்பையை வென்று வெள்ளையரின் நெடுங்கால உரிமையை முறித்தது; மறு ஆண்டும் அதுவே வென்றது. தென்னாட்டிலிருந்து வந்த கால்கள்தாம் அக்கதவை முதலில் திறந்தன என்பதை நம்மவர் பலர் அறியார்.

ஆட்ட நாள்களில் அங்கே சென்ற நம்மவரின் பயணமே ஒரு தனி அத்தியாயம். மாட்டுங்காவிலும் சயானிலும் ஏறியவர்கள், போரிபந்தர் என்று முதியோர் வழங்கிய பெரிய நிலையத்தில் இறங்கி நடப்பர். தாராவியின் மேற்குப் பக்கத்தார் மாகிமில் ஏறிச் சர்ச்கேட்டில் இறங்குவர். செம்பூரார் ஹார்பர் பாதையில் வருவர். அலுவலகத்தில் தட்டச்சு செய்பவரும், தாராவித் தோல் பதனிடும் கூடத்தில் வேலை முடித்து வந்தவரும், ரயில்வே பட்டறையில் இரும்பு தட்டியவரும் ஒரே படியில் தோளோடு தோள் உரசி அமர்ந்த இடங்கள் இந்நகரில் மிகுதியாக இருந்தனவா? கோயில்களில்கூட அன்று அது எளிதன்று. மைதானத்தில் அது நடந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறோம்.

அங்கே அவர்கள் கண்டது யாரை? 1949-இல் ஈஸ்ட் பெங்கால் கோப்பையை வென்றபோது அதன் முன்னணி ஐவரை வங்காளத்தார் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடினர். வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே என்பன அவர்தம் பெயர்கள். ஐவரும் தென்னாட்டார்! வங்காளத்தின் மானம் காத்த ஐவரில் வங்காளி ஒருவருமில்லை. அதன்பின் 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் இடைவிடாது ஐதராபாத் நகரக் காவல்துறை அணி வென்றது. அவ்வணியை உருவாக்கியவர் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரானவர். 1955-இல் மோகன் பகான், 1956-இல் முகமதன் ஸ்போர்ட்டிங், 1957-இல் மீண்டும் ஐதராபாத் என்று கோப்பை வெளியூர் சென்றுகொண்டே இருந்தது. 1958-இல்தான் அது உள்ளூரில் தங்கியது. வென்ற அணி கால்டெக்ஸ், எண்ணெய்க் குழுமத்தின் அணி.

இந்த இடத்தில் நம் குடும்பங்களோடு நெருங்கிய ஒரு செய்தியைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கல்கத்தாவில் கால்பந்து என்றால் கழகம். பம்பாயில் கால்பந்து என்றால் கம்பெனி. டாட்டா, கால்டெக்ஸ், மேற்கு ரயில்வே, மத்திய ரயில்வே, பின்னாளில் மபத்லால், ஓர்க்கே மில்ஸ், மகிந்திரா என்று அணிகளின் பெயர்களே சம்பளப் பட்டியல் போலிருக்கும். ஆட்டக்காரன் காலையில் மேசையில் அமர்ந்து கோப்பு பார்ப்பான். மாலையில் பயிற்சிக்குச் செல்வான். ஆட்டத்தன்று அரைநாள் விடுப்புக் கிடைக்கும். ‘பந்தை உதைத்தால் சோறு கிடைக்குமா?’ என்று கேட்ட தந்தைக்கு அன்றைய பம்பாய் ‘கிடைக்கும்’ என்று விடை கூறியது. மாதச் சம்பளம், வருங்கால வைப்புநிதி, சிலர்க்குக் குடியிருப்பு என்று எல்லாம் அப்பந்து தந்தது. ஊரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய குடும்பத்துக்கு அது சிறிய செய்தியன்று. மகன் சேற்றோடு வீடு திரும்பியபோது தாய் ஏசினாள் என்பது உண்மை. நியமன உத்தரவு வந்தபோது அதே சேற்றுச் சட்டையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தவளும் அவளே.

இத்தகைய பம்பாயில் வளர்ந்தவர்தாம் எஸ். எஸ். நாராயண். நண்பர்கள் வழங்கிய பெயர் பாபு. 1934-இல் ஒற்றப்பாலத்தில் பிறந்தவர். பாலக்காட்டுச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. மாட்டுங்காவின் உள்ளூர் அணிகளில் ஆடத் தொடங்கி, டாட்டா, கால்டெக்ஸ் ஆகிய பேரணிகள் வரை உயர்ந்தார். அவர் தமிழரா மலையாளியா என்று வினவும் அன்பர்களுக்கு நாங்கள் கூறும் விடை: அக்கேள்விக்கு மாட்டுங்காவில் இடமில்லை. ஒரே தெருவில் பூ வாங்கி, ஒரே கடையில் காப்பிப் பொடி அரைத்துக்கொண்டவர்களைப் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கமன்று.

கோல் காவலர் என்னும் பணியைப் பற்றியும் சில சொற்கள். இன்று தொலைக்காட்சியில் காணும் காவலர் பளபளக்கும் பெரிய கையுறை அணிந்து நிற்கிறார். அக்காலத்துக் காவலர் பெரும்பாலும் வெறுங்கையர். பந்தோ தோற்பந்து, உள்ளே காற்றுப் பை, வெளியே தோல், வாயில் நாடாக் கட்டு. பம்பாயின் லீக் ஆட்டங்கள் மழைக்காலத்தை ஒட்டியே நடந்தன. நீர் குடித்த தோற்பந்தின் கனத்தை, அதை ஒருமுறை தலையால் முட்டியவரே அறிவர். அந்தப் பந்து சேற்றில் வழுக்கி, மின்னல் வேகத்தில் வரும்போது வெறுங்கையால் பிடிக்க வேண்டும். பிடித்தபின்னும் ஆபத்து நீங்காது. எதிரணி ஆள் தோளால் காவலரை இடிக்கலாம் என்பது அக்கால விதி. 1958-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் போல்டன் அணியின் லாஃப்ட்ஹவுஸ், மான்செஸ்டர் யுனைடெட் காவலர் ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்து வலைக்குள் தள்ளினார். நடுவர் அதைக் கோல் என்றே ஏற்றார்! இன்றாயின் ஆடியவருக்கு எச்சரிக்கை அட்டை கிடைத்திருக்கும்.

மேலும் ஒரு கொடுமை இப்பணிக்கு உண்டு. கோல் அடித்தவன் கணக்கில் ஏறுகிறான், தடுத்தவன் ஏறுவதில்லை. பத்துப் பந்தைத் தடுத்து ஒன்றை விட்டவனுக்கு அந்த ஒன்று மட்டும் பெயர்ப் பலகையில் பொறிக்கப்படுகிறது. உலகம் முழுவதும் இதே கதைதான். ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் தங்கப் பந்து விருதை இதுவரை பெற்ற காவலர் ஒருவரே. 1963-இல் சோவியத் நாட்டின் லெவ் யாஷின். அவரும் மெல்போர்னுக்கு வந்திருந்தார். நாமும் இப்போது மெல்போர்னுக்குச் செல்வோம்.

1956-ஆம் ஆண்டு ஒலிம்பிக். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் நம் அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றிருந்தது. 1948-இல் இலண்டனில், ஆட்டக்காரர் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் 1-2 என்று போராடித் தோற்றனர். அன்று பெங்களூரின் சாரங்கபாணி ராமன் அடித்த கோலே, விடுதலை பெற்ற இந்தியா ஒலிம்பிக்கில் அடித்த முதற்கோல். ஹெல்சிங்கித் தோல்விக்குப் பின்னரே காலணி கட்டாயமாயிற்று. மெல்போர்னில் ரஹீமின் பயிற்சியில் காலணியோடு இறங்கியது நம் அணி. உண்மையைச் சொன்னால் முதற்சுற்றில் நமக்கு எதிராக நிற்க வேண்டிய அங்கேரி விலகிக்கொண்டது. அந்த நல்வாய்ப்பை மறைக்க வேண்டியதில்லை. அடுத்து டிசம்பர் 1-ஆம் நாள், போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே எதிர்த்து ஆடி 4-2 என்று வென்றோம்.

அந்த நான்கு கோல்களில் மூன்றை அடித்தவர் பம்பாயின் நெவில் டிசூசா. ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. நான்காவது கோலை அடித்தவர் கிருஷ்ணசாமி. அணியினர் அழைத்த பெயர் கிட்டு. நம் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு கிட்டு இருந்திருக்கிறார். இந்தக் கிட்டுவை மட்டும் நாம் மறந்துவிட்டோம். அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. முதற்கோலை நெவிலே அடித்து நாடு முழுவதையும் ஒரு கணம் எழுந்து நிற்க வைத்தார். முடிவில் 1-4 என்று தோற்றோம். ஹெல்சிங்கியின் பத்து கோல் நான்காகக் குறைந்திருந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா வென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா நான்காம் இடம்! அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான்கு கோல் அடித்த நெவில், அப்போட்டியில் மிகுதியாகக் கோல் அடித்தவர் வரிசையின் தலைமை இடத்தைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார்.

அந்த அணியுடன் சென்ற கோல் காவலர் இருவர். ஒருவர் நம் மாட்டுங்கா நாராயண். மற்றவர் பீட்டர் தங்கராஜ். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கிற்குச் சென்ற காவலரும் இவ்விருவரே. நான்கு ஆண்டுகளில் அணியின் மற்ற இடங்களில் எத்தனையோ மாற்றம் நிகழ்ந்தது; வலைக்கு முன் நிற்கும் பொறுப்பு மட்டும் அதே இரு பெயர்களில் நின்றது.

தங்கராஜைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1935-இல் ஐதராபாத்தில் பிறந்தவர். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்தார். முன்னணி ஆட்டக்காரராக இருந்தவர் அங்கேதான் காவலரானார். நெடிய உருவம், கை நீட்டினால் மேற்கட்டையைத் தொடுவார் என்று பார்த்தோர் வியந்தனர். அம்மையத்தின் அணி 1955-இலும் 1958-இலும் டெல்லியில் டூரண்டுக் கோப்பையை வென்றது. ஊட்டி மலைப்பக்கத்துச் சிப்பாய்களின் அணி தலைநகரில் கோப்பை ஏந்தியது என்று எண்ணிப் பாருங்கள். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று போற்றப்பட்டார். பின்னர் கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது. 2008-இல் பொகாரோவில் மறைந்தார்.

இவ்வரிசையில் மூன்றாமவர் துளசிதாஸ் பலராம். காவலர் அல்லர், முன்னணி ஆட்டக்காரர். ஆயினும் விட்டுவிட இயலாது. செகந்திராபாத்தின் அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். வறிய குடும்பம். பயிற்சிக்கு வர வழியின்றி நின்றவருக்கு, வாடகைச் சைக்கிளுக்கான காசை ரஹீமே கொடுத்து வரவழைத்தார் என்று பலராம் பின்னாளில் நன்றியுடன் கூறியதுண்டு. நல்லாசிரியன் ஒருவன் கையில் வாடகைச் சைக்கிள் எதுவரை ஓடும் என்பதற்கு ரோமாபுரியே சான்று. 1960-இல் அங்கே அங்கேரிக்கு எதிராக இந்தியா 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் நம் ஒரே கோலை அடித்தவர் பலராம். அந்த அங்கேரி பின்னர் வெண்கலம் வென்றது. அடுத்த ஆட்டத்தில் பி. கே. பானர்ஜி கோல் அடிக்க, பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம். அவ்வணியில் சைமன் சுந்தரராஜ் என்ற தமிழரும் ஆடினார். கேரளம் 1973-இல் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் அவரே. கேரளத்தார் அவரை மறக்கவில்லை.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. அரசியல் காரணங்களால் அந்நகரில் இந்தியர்பால் கடுஞ்சினம் மூண்டிருந்தது. அரங்கம் முழுவதும் நமக்கெதிராகக் கூவிக்கொண்டிருக்க, செப்டம்பர் 4-ஆம் நாள் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றோம். பானர்ஜியும் ஜர்னெய்ல் சிங்கும் கோல் அடித்தனர். ஜர்னெய்ல் தலையில் தையலோடு ஆடினார். வலைக்கு முன் நின்றவர் தங்கராஜ். இடையணியில் பம்பாய் டாட்டாவின் ஃபார்ச்சுனேட்டோ ஃபிராங்கோ, முன்னணியில் பலராம். நோயுற்றிருந்த ரஹீம் அடுத்த ஆண்டே மறைந்தார். பலராமும் நுரையீரல் நோயால் 1963-இல் ஆட்டத்தைத் துறக்க நேர்ந்தது. இந்தியா அதன்பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் பெறவில்லை.

இனி நாங்கள் கூற வந்த வருத்தத்துக்கு வருகிறோம்.

கல்கத்தாவில் பஞ்ச பாண்டவரை இன்றும் சிறுபிள்ளை அறிவான். காரணம் என்ன? வங்காளிக்கு நினைவாற்றல் மிகுதி என்பதன்று. ஈஸ்ட் பெங்கால் இருக்கிறது, மோகன் பகான் இருக்கிறது, முகமதன் இருக்கிறது. கழகக் கட்டடம் இருக்கிறது. சுவரில் படம் இருக்கிறது. ஆண்டுதோறும் அவ்வண்ணச் சட்டையை அணிந்து பதினொருவர் களம் இறங்குகின்றனர். அவர்களைக் காணும் கிழவர், ‘இந்த இடத்தில் அன்று வெங்கடேஷ் ஆடினான்’ என்று பேரனிடம் சொல்ல ஏதுவாகிறது.

பம்பாய்க் கிழவர் எதைக் காட்டிச் சொல்வார்? கால்டெக்ஸ் 1970-களில் அரசுடைமையாகி இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் கலந்தது. செம்பூரில் அந்த நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் இங்கே பலர் அமர்ந்திருக்கிறீர்கள். 1958-இன் ரோவர்ஸ் கோப்பை ஒருவகையில் உங்கள் முன்னோர் சொத்து. ஆலைகள் மூடின, ஆலை அணிகளும் மறைந்தன. 2005-06 தேசிய லீக்கை வென்ற மகிந்திரா அணியும் 2010-இல் கலைக்கப்பட்டது. ரோவர்ஸ் கோப்பையே 2000-01 பருவத்தோடு நின்றுபோனது. நூறாண்டுக்கு மேல் நடந்த பந்தயம் ஒன்று ஒரு நாள் நடவாமற்போயிற்று. ஊரில் கதவடைப்பு இல்லை, கண்டன ஊர்வலம் இல்லை. கம்பெனி சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தை மூடும்போது அதனுள்ளே இருந்த ஆட்டக்காரர்களையும் சேர்த்து மூடிவிடுகிறது. கழகத்துக்கு அடியார் உண்டு. கம்பெனிக்கு ஊழியரே உண்டு. நம் மறதிக்கு வேர் அங்கே இருக்கிறது என்பது எங்கள் கருத்து. வேறு கருத்துடையோர் கூட்டம் முடிந்தபின் எங்களோடு வாதாடலாம், காப்பி உண்டு.

இன்று நகருக்கு மும்பை சிட்டி என்ற அணி உண்டு, 2014-இல் தோன்றியது, 2020-21, 2023-24 ஆகிய பருவங்களில் இந்திய சூப்பர் லீக் கோப்பையை வென்றது. நம் பிள்ளைகள் அதன் நீலச் சட்டையை அணிந்து திரிவது கண்டு மகிழ்கிறோம். ஆனால் அச்சட்டைக்குப் பின்னே நெவிலும் நாராயணும் நிற்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்ல அந்த அணிக்குக் கடப்பாடு இல்லை. நமக்கு உண்டு.

2020 மார்ச்சில் பானர்ஜி மறைந்தார். அடுத்த மாதமே சுனி கோஸ்வாமி. 2021 மே மாதம் ஃபிராங்கோ. 2022 ஆகஸ்டில் மெல்போர்ன் அணியின் தலைவர் சமர் பானர்ஜி. 2023 பிப்ரவரியில் பலராம். நெவில் 1980-லேயே, ஐம்பது வயது நிரம்பாமல் போய்விட்டார். மூன்று ஆண்டுக்குள் ஒரு தலைமுறையே எழுந்து சென்றுவிட்டது.

நாராயண் மறைந்த நாள் 2021 ஆகஸ்ட் 5. அந்நாளை நீங்கள் அறிவீர்கள். டோக்கியோவில் இந்திய ஆக்கி அணி ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுக்குப்பின் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற நாள் அது. கடைசி நொடியில் பந்தைத் தடுத்த காவலர் ஸ்ரீஜேஷ் கோல் கட்டையின்மேல் ஏறி அமர்ந்த படத்தை நாடே கொண்டாடியது. நம் வீடுகளிலும் இனிப்பு வழங்கினோம். ஓர் ஒலிம்பிக் கோல் காவலரை நாடு தோளில் தூக்கிய அதே நாளில், இரண்டு ஒலிம்பிக் கண்ட மற்றொரு கோல் காவலர், நம்மிலிருந்து சில ரயில் நிலையங்களே தள்ளியுள்ள தாணேயில், 86 வயதில் கண் மூடினார். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சிறு செய்தி வந்தது. நம் சங்கத்தில் இரங்கற் கூட்டம் நடைபெறவில்லை.

2024-இல் ரஹீமின் வாழ்வைக் கூறும் ‘மைதான்’ என்னும் இந்திப் படம் வந்தது. படம் பார்த்துத் திரும்பிய இளைஞர்கள் தங்கராஜையும் பலராமையும் பற்றி எங்களிடம் ஆர்வத்தோடு வினவினர். அவர்கள் தமிழர் என்று கூறியபோது வியந்தனர். சினிமா செய்ததை நாம் செய்யவில்லையே என்ற எண்ணம் எங்களுக்கு எழுந்தது. அதன் விளைவே இவ்வுரை. ஆயினும் படம் ஜகார்த்தாவைக் காட்டலாம், மாட்டுங்காவைக் காட்டாது. உள்ளூர் அணிகளில் ஆடியவர்கள், ஒலிம்பிக்கை எட்டாமல் லீக் இரண்டாம் பிரிவோடு நின்றவர்கள், தாராவியின் சந்துகளில் கந்தல் பந்தோடு தொடங்கி ரயில்வே அணி வரை போனவர்கள் ஆகியோரை எந்தப் படமும் தேடி வராது. அவர்கள் பெயர் அச்சேறியிருந்தால் மழையில் நனைந்த ஏதோ ஒரு நாளிதழ் மூலையில் இருக்கும். இல்லையேல் ஒரு குழுப் புகைப்படத்தின் பின்புறத்தில் இருக்கும்.

அப்புகைப்படங்கள் நம் வீடுகளில் உள்ளன என்று உறுதியாக நம்புகிறோம். இரண்டு வரிசை, பின்னால் நிற்போர், முன்னால் முழங்காலிட்டோர், நடுவே கோப்பை, கோப்பைக்குப் பக்கத்தில் பந்து, பந்தின்மேல் சுண்ணாம்பால் எழுதிய ஆண்டு. ஓரத்தில் வேறு நிறச் சட்டையோடு நிற்பவர் கோல் காவலர். தாராவியில் மறுசீரமைப்பு வேலை நடக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்புகின்றனர். வீடு மாற்றும் குடும்பம் முதலில் கழிப்பது பழைய காகிதங்களையே. சென்ற ஆண்டில் எத்தனை டிரங்குப் பெட்டிகள் பழைய சாமான்காரனிடம் போயினவோ!

ஆகவே ஒரு வேண்டுகோள். இதில் தாய்மார்களின் உதவியே பெரிது. பெட்டிகளின் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. உங்கள் இல்லத்தில் எவரேனும் பந்தாடியிருந்தால், அணிப் புகைப்படம், நற்சான்றிதழ், பதக்கம், பழைய செய்தித்தாள் துண்டு எதுவாயினும் சங்க நூலகத்துக்கு ஒருமுறை கொண்டு வாருங்கள். பொருளை நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம். படியெடுத்து அன்றே திருப்பித் தருவோம். படத்திலுள்ளவர் பெயரைத் தெரிந்தவரை, இடமிருந்து வலமாக, ஒரு தனித்தாளில் எழுதுங்கள். படத்தின் பின்புறம் எழுதுவதாயின் பேனா வேண்டா, பென்சில் போதும். மை முன்பக்கம் ஊறிவிடும். வீட்டில் கூப்பரேஜ் ஆட்டம் கண்ட பெரியவர் இருந்தால், அவர் பேசுவதைப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்து தரலாம். முழுக் கதை வேண்டுமென்பதில்லை. ஓர் ஆட்டத்தின் நினைவு, ஒரு பெயர் கிடைத்தாலும் எங்களுக்குப் பெரும்பேறு.

ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நூலக அறையில் எங்களில் இருவர் காத்திருப்போம். மாடிப்படி ஏற இயலாத முதியோர் சொல்லியனுப்பினால் நாங்களே இல்லம் தேடி வருகிறோம்.